செவிப்புலன் குறைந்தோரும் துணைக்கருவிகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயத்தில் ஒரு முரண்பாடு உண்டு. காது கேளாதோருக்குப் பயன்படும் கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன், பேசுவதோ வானொலியில். யாருக்காகப் பேசுகின்றேனோ அவர்களுட் பலர் இதனைக் கேட்கப் போவதில்லை. ஆயினும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களாகிய நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றீர்கள். அயல் வீடெல்லாம் அறியும்படி வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டிவைக்கும் பாட்டனார் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அல்லது, ஒருகாலத்தில் ஆவலோடு செய்தி கேட்டிருந்துவிட்டு, இப்பொழுது செய்தி தொடங்கும் வேளையில் மெல்ல எழுந்து விறாந்தைக்குப் போய்விடும் அன்னையார் ஒருவர் இருக்கலாம். முன்னவரின் குறையை ஊரே அறியும். பின்னவரின் குறையை வீட்டாரும் அறிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏதோ ஓரளவு செவிப்புலன் குறைவு உண்டு. அவர்களுள் ஏறக்குறைய 43 கோடிப் பேருக்கு அக்குறைவு உதவி நாடவேண்டிய அளவிற்கு முற்றியிருக்கின்றது. இவ்வளவு பெருந்தொகையை எண்ணிப் பார்ப்பது கடினம். ஆகவே ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகின்றேன்.

என் பெரிய தகப்பனார் இளைப்பாறிய தமிழாசிரியர். ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் கந்தபுராண படனம் நிகழும்பொழுது, ஒருவர் செய்யுளைப் படிக்க, இவர் பயன் சொல்லுவார். அறுபது வயதைத் தாண்டிய பின்னர் பயன் சொல்லும் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கேட்பவர் வரிசையில் அமர்ந்தார். சில ஆண்டுகள் சென்றன. அமர்ந்த இடம் தூணுக்கருகே பின்தள்ளிப் போயிற்று. பின்னர் படனத்துக்கே போகாதிருந்தார். கேட்டால், முழங்கால் நோகின்றது என்பார். நாங்களும் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

உண்மை தெரிந்த பின்னர் அவருக்குக் காதின் பின்புறம் அணியும் கருவியொன்று பெருஞ்செலவில் வாங்கப்பட்டது. அதனை அணிந்து ஒருநாள் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் கருவியைக் கழற்றிப் பெட்டியில் இட்டு, பெட்டியை அலுமாரியில் வைத்து, "தம்பி, இது எனக்குச் சத்தத்தைத் தருகின்றது, பேச்சைத் தரவில்லை" என்றார். கருவியை விற்றவர்களோ அது பழுதின்றி வேலை செய்கின்றது என்றனர். இருவர் சொன்னதும் உண்மைதான். இவ்விரண்டும் எங்ஙனம் ஒருங்கே உண்மையாகும் என்பதை விளக்கிவிட்டால் என் பேச்சின் பாதி முடிந்துவிடும்.

காதின் உட்பகுதியில் நத்தையின் ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கின்றது. அதனுள்ளே, ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 என்னும் கணக்கில், நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை இவைதாம். சுருளின் வாயிலருகே நிற்பவை உயர்ந்த சுருதியை உணர்பவை. உள்ளே ஆழத்தில் நிற்பவை தாழ்ந்த சுருதியை உணர்பவை. முதுமையாலும் இரைச்சலாலும் முதலில் அழிவன வாயிலருகே நிற்பவையே. மனிதரிடத்தில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இதனாற் பேச்சுக்கு நேர்வது யாது? தமிழ் கற்றவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பேச்சில் உயிரெழுத்துக்கள் வலிமை மிக்கவை, சுருதியிலும் பெரும்பாலும் தாழ்ந்தவை. மெய்யெழுத்துக்களிற் பல மெலிந்தவை, உயர்ந்த சுருதியில் ஒலிப்பவை. சகரத்தின் சீறொலி ஒரு செக்கனுக்கு 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட எல்லையில் நிகழ்வது. இப்பொழுது பாகம், பாசம், பாடம், பாதம், பாரம், பாவம் என்னும் ஆறு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். முதலிலுள்ள ஆகாரமும் ஈற்றிலுள்ள மகரமும் எல்லாவற்றிற்கும் பொது. இடையில் நிற்கும் ஒரு மெய்தான் ஒன்றை மற்றொன்றினின்றும் பிரிப்பது. அந்த மெய் கேளாதொழிந்தால் ஆறும் ஒன்றே. கேட்பவர் முன்னும் பின்னும் வந்த சொற்களைக் கொண்டு இடையில் வந்தது பாடமா பாவமா என்று ஊகித்துக்கொண்டிருக்கும்பொழுது பேசுபவர் அடுத்த வாக்கியத்திற்குப் போய்விடுகின்றார். உதட்டைப் பார்ப்பது ஓரளவு துணைசெய்யும். "பாவம்" என்னும்பொழுது உதடு அசைவது தெரியும்; பாடத்தையும் பாகத்தையும் பொறுத்தவரையில் உதடு சாட்சி சொல்லாது.

முதியவர்களைப் பற்றி நாம் வழக்கமாகக் கூறும் ஒரு குறை இதனோடு தொடர்புடையது. மெல்லச் சொன்னால் விளங்கவில்லை என்கின்றார். உரக்கச் சொன்னால் ஏன் கத்துகின்றாய் என்று கோபிக்கின்றார். இது பிடிவாதமன்று. மயிர்க்கலங்களுள் ஒருவகையின, மெல்லிய ஒலியை மட்டும் பெருக்கிக் கொடுப்பன. அவை அழிந்தபின் மெல்லிய ஒலி மறைந்துபோகின்றது. ஆனால் பேரொலி முன்போலவே பேரொலியாக வந்து தாக்குகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிவிடுகின்றது. கத்திப் பேசுவதனால் உயிரெழுத்துக்கள்தாம் பெருகுமேயன்றி, அவருக்கு வேண்டிய மெய்யெழுத்துக்கள் அந்த அளவிற்குப் பெருகுவதில்லை.

அப்படியாயின், நல்ல கருவி மெல்லிய உயர்சுருதி ஒலிகளைத் தெரிந்து பெருக்கலாமன்றோ எனின், பெருக்குகின்றது. இக்காலத்துக் கருவிகள் அதனைத் திறம்படவே செய்கின்றன. அமைதியான அறையில், ஒரு மீற்றர் தூரத்தில், முகத்துக்கு முகம் பேசும்பொழுது அவற்றின் பயன் பெரிது. இடர்ப்பாடு தூரத்திலே தொடங்குகின்றது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் பேச்சொலி 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றரில் கேட்ட பேச்சு நான்கு மீற்றரில் 12 டெசிபல் குறைந்து வருகின்றது. மின்விசிறியின் இரைச்சலோ, பக்கத்திலிருப்பவரின் இருமலோ, தெருவிற் போகும் லொறியின் உறுமலோ குறைவதில்லை. மண்டபமாயின் சுவரும் கூரையும் எதிரொலித்து, முன்வந்த சொல்லின் வால் பின்வரும் சொல்லின் தலைமேல் விழுகின்றது. கருவியின் ஒலிவாங்கி இருப்பது கேட்பவரின் காதில். அவ்விடத்தை வந்தடையும்போதே பேச்சும் இரைச்சலும் கலந்துவிட்டன. கலந்ததைப் பெருக்கினால் கலந்ததே பெருகும். பெரிய தகப்பனார் சொன்னதன் பொருள் இதுதான்.

ஆகவே, வேண்டியது பின்னும் பலமான கருவியன்று. பேசுபவரின் வாயைக் கேட்பவரின் காதருகே கொண்டுவருதலே வேண்டியது. உதவிக் கருவிகள் என்று இன்று வழங்கும் பலவகைச் சாதனங்களையும் இந்த ஒரு நோக்கத்தை மனத்திற் கொண்டு பார்த்தால் அவற்றுள் எது எதற்கு என்பது குழப்பமின்றி விளங்கும்.

இந்த நோக்கம் புதியதன்று. பேசுபவர் ஒரு நுனியில் வாயையும், கேட்பவர் மறுநுனியில் காதையும் வைத்துக்கொள்ளும் நீண்ட குழாய்கள் முற்காலத்தில் வழங்கின. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் தாயார் அத்தகைய குழாயொன்றைப் பயன்படுத்தியவர். மகன் மட்டும் குழாயை விடுத்து, தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலிற் பேசுவார் என்பர். பெல்லின் மனைவியாரும் ஐந்து வயதிற் காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர். கேளாதோரைச் சூழ வாழ்ந்தவர் செய்த கருவி 1876ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றது. எனினும் அந்தக் கருவி உலகமெங்கும் பரவியபொழுது வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கேளாதோரே. 1964இல்தான், ரொபேட் வைற்பிறெக்ற் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலார், தாமும் செவிப்புலனற்றவர், தட்டச்சு எழுத்துக்களை ஒலிகளாக மாற்றிச் சாதாரணத் தொலைபேசி வழியே அனுப்பும் முறையை அமைத்தார். பெல்லின் கருவியில் கேளாதோர் தாமே பேசிக்கொள்வதற்கு 88 ஆண்டுகள் சென்றன.

வானொலி நேயர்களுக்கு உவப்பான மற்றொரு செய்தியையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகின்றேன். டிரான்சிஸ்டர் என்றவுடன் நாம் கையடக்க வானொலிப் பெட்டியையே நினைக்கின்றோம். ஆனால் டிரான்சிஸ்டர் பொருத்திச் சந்தைக்கு வந்த முதற் பொருள்களுள் ஒன்று காதுக் கருவியேயாகும். அது வந்தது 1952இன் இறுதியில். டிரான்சிஸ்டர் வானொலி வந்தது 1954இல். நமக்குப் பாட்டுக் கேட்பிப்பதற்கு முன்பே அது கேளாதோருக்குப் பேச்சுக் கேட்பித்துவிட்டது.

இனி, இன்று கிடைக்கும் சாதனங்களுள் நான் மிக உயர்வாக மதிப்பதைக் கூறுகின்றேன். அது ஒரு கம்பி வளையம். அதனைத் தூண்டல் வளையம் என்பர். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட உண்மையே அதன் அடிப்படை. ஒரு கம்பியிற் பாயும் மின்னோட்டம் மாறினால் அதனைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறும். அம்மாறும் புலத்திலே மற்றொரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்னோட்டம் தோன்றும். மண்டபத்தின் சுவரோரமாகத் தரையைச் சுற்றிக் கம்பியொன்றை ஓட்டிவிடுகின்றார்கள். பேச்சாளரின் ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறி, இதற்கெனச் செய்த பெருக்கி ஒன்றின் வழியாக அக்கம்பியிற் பாய்கின்றது. மண்டபத்திலே காதுக்குக் கேட்கும் ஒலி எதுவும் இதனால் எழுவதில்லை. ஆனால் காதுக் கருவியினுள்ளே அரிசி மணியளவான ஒரு சுருள் இருக்குமாயின், அது அந்தக் காந்தப்புலத்தைப் பற்றிக்கொள்கின்றது. கருவி அதனைப் பேச்சாக மாற்றிக் காதிலே சேர்க்கின்றது. மண்டபத்து இருமலும் விசிறியும் எதிரொலியும் வெளியே நிற்கின்றன. பேச்சாளரின் வாய்க்கு ஒரு சாண் முன்னுள்ள ஒலிவாங்கி, கேட்பவரின் காதாகிவிடுகின்றது.

இச்சுருள் முதலில் தொலைபேசிக்காகவே அமைந்தது. தொலைபேசியின் கேட்குங்குழலில் இருந்து கசியும் காந்தப்புலத்தைப் பற்றுதற்கென வைத்தமையால், தொலைபேசியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தாகிய "ரீ" அதற்கு அடையாளமாயிற்று. காதின் படமும் அவ்வெழுத்தும் பொறித்த நீல நிறப் பலகை ஒரு மண்டபத்திலோ கருமபீடத்திலோ தொங்குமாயின், அங்கே வளையம் உண்டு என்பது பொருள். இலண்டன் மாநகரின் கறுப்பு வாடகைக் கார்களினுள்ளும் இவ்வளையம் உண்டு. சாரதியின் பேச்சு பின்னாசனத்துப் பயணியின் கருவிக்கு நேரே போகின்றது.

இதில் ஒரு துயரமான நகைச்சுவையும் உண்டு. பலருடைய கருவிகளில் இச்சுருள் இருந்தும் அவர்களுக்கே அது தெரியாது. கருவியைப் பொருத்துபவர் அதனை இயங்கச்செய்து, எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாலன்றி அது உறங்கிக்கொண்டே கிடக்கும். பெரிய தகப்பனாரின் கருவியிலும் அது இரண்டாண்டுகளாக உறங்கியது. மிகச் சிறிய கருவிகள் சிலவற்றிலோ இடமின்மையால் சுருளே வைப்பதில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியாத கருவியே வேண்டும் என்று கேட்டு வாங்குபவர் இதனைச் சிந்தித்தல் நன்று. காதில் ஒளிந்திருப்பது பெருமைக்கு உதவும். கோயிலிலும் கூட்டத்திலும் கேட்பதற்கு உதவாது போகலாம்.

வளையத்திற்கும் குறைகள் உண்டு. மின்கம்பிகளும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஆளிகளும் அருகே இருப்பின் ஓயாத ரீங்காரம் கேட்கும். கட்டடத்து இரும்பு புலத்தை வலுவிழக்கச் செய்யும். ஆதலால் அறிந்தவர் ஒருவர் அளந்து பார்த்தே அமைக்கவேண்டும். இதற்குச் சர்வதேச அளவுகோலும் உண்டு. அடுத்துள்ள இரண்டு மண்டபங்களிலும் வளையம் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதிற் கசியவும் கூடும்.

வளையம் இல்லாத இடத்திற்குச் சிறு ஒலிவாங்கி உண்டு. அதனைப் பேசுபவர் சட்டையிற் குத்திக்கொள்வார். அது வானொலி அலை மூலம் பேச்சை அனுப்பும். கேட்பவர் அதனை வாங்கும் பெட்டியைக் கழுத்தில் மாலைபோல அணிந்துகொள்ளலாம். அம்மாலையே ஒரு சிறு காந்த வளையமாகிக் காதுக் கருவியின் சுருளுக்குப் பேச்சைக் கொடுக்கும். ஆசிரியர் இந்த ஒலிவாங்கியை அணிந்தால், கடைசி வாங்கிலிருக்கும் மாணவனும் முதல் வாங்கிலிருப்பவனைப் போலக் கேட்பான். ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பி நின்று பேசினாலும் கேட்பான். இது உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு மிகவும் பெரிய உதவி. பாடம் முடிந்ததும் அதனை நிறுத்தவேண்டும் என்பதையும் ஆசிரியர்களுக்கு நினைவூட்டுகின்றேன். மறந்தால் ஆசிரியர் அறையில் நடக்கும் சம்பாஷணை முழுவதும் மாணவனுக்குப் போய்ச் சேரும்.

தொலைக்காட்சிக்கும் இதே முறைதான். ஒலியைக் கூட்டி வீட்டாரைத் துன்புறுத்துவதை விடுத்து, பெட்டியிலிருந்து ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் துணைப்பொறியை வைக்கலாம். கருவியே இல்லாதவருக்கு, தலையில் அணியும் கேட்பொறியொன்றும் கம்பியில் இணைந்த ஒலிவாங்கியொன்றும் கொண்ட சிறு பெருக்கியும் உண்டு. வைத்தியசாலைக் கட்டிலருகே வைத்தியர் நோயாளியிடம் விபரம் கேட்பதற்கு இது போதும். புளூடூத் முறையில், ஒரே ஒலிபரப்பை மண்டபத்திலுள்ள எத்தனை கருவிகளும் ஏற்கக்கூடிய புதிய அமைப்பொன்று அவ்ராகாஸ்ட் என்னும் பெயரோடு 2022இல் அறிவிக்கப்பட்டது. வருங்காலம் அதனுடையதாகலாம். ஆயினும் பழைய கருவிகள் அதனை ஏற்கமாட்டா. ஆகையால் சுருளைக் கைவிடுவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்பது என் எண்ணம். பேச்சைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் கைத்தொலைபேசியில் வந்துவிட்டன. தமிழையும் அவை எழுதும். ஊர்ப்பேச்சைக் கேட்டால் தடுமாறி வேடிக்கையாக எதையேனும் எழுதிவிடுவதுண்டு. நிறுத்தி, தெளிவாகப் பேசினால் நன்கு உதவும்.

இதுவரை பேசியது கேட்பதைப் பற்றி. இனி, எச்சரிக்கையைப் பற்றிப் பேசவேண்டும். இதனை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இரவில் உறங்கப் போகும்பொழுது காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகின்றார்கள். அந்நேரம் முதல் அவருக்கு வீடு முழு அமைதி. படலையைத் தட்டும் ஒலியும், அடுத்த அறையிலே தவறி விழுந்த மனைவியின் குரலும், தொட்டிலிற் குழந்தையின் அழுகையும், தீப்பற்றியது என்னும் கூக்குரலும் அவரை எட்டமாட்டா. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நிகழ்ந்த பின்னர் நம் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. சங்கொலி செய்வதே அவற்றின் பணி. அதனைக் கேளாதவர் ஒருவர் கரையோர வீட்டில் இருப்பின், அவருக்குச் சங்காக வேண்டியவர் அயலவரேயாவர்.

எச்சரிக்கைக் கருவிகளின் தத்துவம் எளிது. ஒலியைக் காதுக்குக் கொண்டுபோவதை விடுத்து, கண்ணுக்கு ஒளியாகவோ உடலுக்கு அதிர்வாகவோ மாற்றிக் கொடுத்தல். படலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் வானொலி அலை ஒன்று வீட்டினுள் வந்து, அடுக்களையில் ஒரு மின்குமிழையும் முன்னறையில் ஒரு மின்குமிழையும் மின்னி மின்னி எரியச்செய்யும். தொலைபேசிக்கு ஒருவிதமாகவும் கதவுக்கு வேறுவிதமாகவும் மின்னச்செய்தால் எங்கே போகவேண்டும் என்பதும் தெரியும். பிறவியிலேயே கேளாது, கைச்சைகை மொழியால் வாழ்பவர்களுக்கு நான் முன்னர் கூறிய ஒலிக் கருவிகளாற் பெரும்பாலும் பயனில்லை. ஆனால் இந்த ஒளியும் அதிர்வும் அவர்களுக்கும் உரியவை. கைதடியிலும் இரத்மலானையிலும் உள்ள செவிப்புலனற்றோர் பாடசாலைகளிற் பயின்று வெளிவந்து குடும்பம் நடத்துவோர் நம்மிடையே வாழ்கின்றார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, திறக்கவில்லையே என்று திரும்பிப் போனவர்கள் இப்பேச்சைக் கேட்பவர்களுள்ளும் இருக்கலாம்.

ஒளி விழித்திருப்பவருக்கு நன்று. உறங்குபவருக்கு அது போதாது. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2007ஆம் ஆண்டளவில், செவிப்புலன் குறைந்த 38 பேரை உறங்கச்செய்து, பல்வேறு எச்சரிக்கைகளால் எழுப்பிப் பார்த்தார்கள். பளிச்சிடும் விளக்கு மட்டும் 100க்கு 27 பேரைத்தான் எழுப்பியது. படுக்கையின் கீழும் தலையணையின் கீழும் வைத்த அதிர்வுத் தட்டுக்கள் 100க்கு 80 பேரளவில் எழுப்பின. எல்லாவற்றினும் மேலாக, ஓர் ஒலியே 100க்கு 92 பேரை எழுப்பியது. கேளாதவரை ஒலி எழுப்பியது என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ? ஆனால் அது சாதாரணப் புகை எச்சரிக்கைப் பெட்டியின் கீச்சொலியன்று. அக்கீச்சொலி செக்கனுக்கு 3,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. அதாவது, சகரத்தைப் போல, முதலிலே கேளாதுபோகும் உயர்ந்த சுருதியைச் சார்ந்தது. அவர்களை எழுப்பியதோ 520 அதிர்வுகள் கொண்ட தடித்த, தாழ்ந்த ஒலி. சோதனைக்குட்பட்டவர்கள் ஓரளவேனும் கேட்கும் திறன் உடையவர்கள் என்பதை மறக்கலாகாது. முற்றாகக் கேளாதவருக்கு எந்த ஒலியும் பயன்படாது. அவருக்கு அதிர்வே துணை.

நம் வீடுகளிற் புகை எச்சரிக்கைப் பெட்டி வைப்பது அருமை என்பதை அறிவேன். ஆயினும் அதிர்வுத் தட்டு தீக்கு மட்டும் உரியதன்று. ஒருபுறம் பாரம் மிகுந்த சிறு சக்கரத்தைச் சுழற்றும் ஒரு மோட்டார், ஒரு தட்டையான பெட்டியினுள் இருக்கின்றது, அவ்வளவுதான். கைத்தொலைபேசிகள் பல சட்டைப்பையில் நடுங்குவதும் இவ்வகையால்தான். அதனைக் கடிகாரத்தோடு இணைத்தால் விடியலில் எழுப்பும். படலை மணியோடு இணைத்தால் நள்ளிரவில் வந்தவரை அறிவிக்கும். தொட்டிலருகே வைத்த ஒலிவாங்கியோடு இணைத்தால் குழந்தை அழுவதைத் தாய்க்குச் சொல்லும். அவ்வொலிவாங்கியை வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல்: குழந்தைக்கு ஒரு முழ தூரத்தில், மின்விசிறிக்குத் தொலைவில் வைக்கவேண்டும். காதுக்குச் சொன்ன தூரத்தின் விதியே இதற்கும் பொருந்தும். இல்லையேல் விசிறியின் இரைச்சலுக்கெல்லாம் தாய் எழுந்து எழுந்து, மூன்றாம் நாள் கருவியை அலுமாரியில் வைத்துவிடுவாள்.

வாங்கும்பொழுது மின்கலத்தாலும் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. பணம் இல்லாதவர் கைத்தொலைபேசியையே அதிர்வில் வைத்துத் தலையணையின் கீழ் வைக்கலாம். பஞ்சுத் தலையணை அதிர்வை விழுங்கிவிடுமாதலால், தலையணை உறைக்குள் நுழைத்து வைத்தல் நன்று. மாதம் ஒருமுறை, அவர் உறங்கும் வேளையில், அது உண்மையில் எழுப்புகின்றதா என்று வீட்டார் சோதித்துப் பார்க்கவேண்டும். வீட்டு மின்கம்பிகளோடு மணியையும் விளக்கையும் தாமே பிணைத்துப் பார்க்கும் துணிவு மட்டும் வேண்டாம். மின்னிணைப்பு அறிந்தவரை அழையுங்கள்.

கருவி இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒலிவாங்கியைப் பேசுபவர் அணிய இசையவேண்டும். இங்கேதான் பல முயற்சிகள் நின்றுவிடுகின்றன. கேளாதவர், பிறரிடம் போய், "இதனைச் சற்று அணிந்துகொள்ளுங்கள்" என்று கேட்க நாணுகின்றார். கேட்டாலும் சிலர், எனக்கு இது வேண்டாம், நான் உரக்கப் பேசுவேன் என்று மறுத்துவிடுகின்றார்கள். உரக்கப் பேசுவதனால் ஆவது யாது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதனைக் கேட்கவேண்டியவர் கேளாதவரல்லர். பக்கத்திலிருக்கும் மகனோ மருமகளோ எழுந்துபோய்க் கேட்கலாம்.

எங்கள் பெரிய தகப்பனாருக்காக அவ்வாறு கேட்டவள் என் தங்கை. கருவியிலுள்ள சுருளை முதலிற் பொருத்துநரைக் கொண்டு இயங்கவைத்தாள். பின்னர் சட்டையிற் குத்தும் ஒலிவாங்கியும் கழுத்து மாலையும் வாங்கினாள். கோயில் மண்டபத்துக்கு வளையம் அமைக்கும் அளவிற்குப் பணம் சேரவில்லை. அது இன்னும் பேச்சளவிலேயே இருக்கின்றது. படனம் தொடங்கிய அன்று, பயன் சொல்பவரிடம் போய், ஐயா, இதனை உங்கள் சால்வையிற் குத்திக்கொள்ளவேண்டும் என்றாள். அவர் முதலில் விழித்தார். யாருக்காக என்று அறிந்ததும் தாமே வாங்கிக் குத்திக்கொண்டார். பெரிய தகப்பனார் தம் பழைய தூணருகே அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார். நாங்கள் அவர் உறங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

படனம் முடிந்து எல்லோரும் எழுந்தபொழுது, முழங்கால் நோவை மறந்தவராக நேரே முன்னே நடந்துபோய், பயன் சொன்ன இளைஞரைத் தனியே அழைத்து, மூன்றாவது செய்யுளில் அவர் சொல்லைப் பிரித்த இடம் பிழை என்றார்.